வேங்கிக்கால் கோபுரத்தின் இருபத்து நான்கு கம்பிகள்

திருவண்ணாமலையில் மலை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். பேருந்து நிலையத்தில் நின்றால் தெரியும், மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் தெரியும், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்தால்கூட ஜன்னலில் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், மலையைப் பார்ப்பதற்கென்று நூற்று எட்டு அடி உயரத்தில் ஓர் இரும்புக் கோபுரம் கட்ட வேண்டும் என்று நகரச் சின்னங்கள் வாரியத்துக்குத் தோன்றியது. தோன்றிவிட்டால் கட்டாமல் விடுவார்களா? 1996 கார்த்திகையில் வேங்கிக்காலில் கோபுரம் எழுந்தது. ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள், வாசலில் பூட்டுப் போட்டார்கள். "பாதுகாப்புக் காரணங்களுக்காக மேலே செல்ல அனுமதி இல்லை" என்று பலகை மாட்டினார்கள். அன்று போட்ட பூட்டை முப்பது வருஷமாக யாரும் திறக்கவில்லை. மக்கள் கீழே நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டு, தலையைக் கொஞ்சம் திருப்பி மலையையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வாரியம் மட்டும் குறையில்லாமல் வளர்ந்தது. ஏற முடியாத கோபுரத்தைப் பராமரிக்க ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒன்பது உறுப்பினர், ஒரு ஜீப்பு. கோபுரத்துக்கு முப்பது வயது ஆகப்போகிறது என்று தெரிந்ததும் முத்து விழா எடுக்கத் தீர்மானித்தார்கள். விழா என்றால் வரலாறு வேண்டும். செயலாளர் அறிவுச்செல்வன் நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு வரலாறு எழுதினார். அதில் முப்பத்தைந்து பக்கம் தலைவர் அருணகிரியின் படங்கள். முப்பது வருஷத்துக்கு முன் கோபுரம் கட்டும் காண்ட்ராக்டை எடுத்தவர் அவர்தான். பிறகு அதே கோபுரத்தின் வாரியத்துக்கே தலைவராகிவிட்டார். "கோபுரத் தந்தை" என்று பட்டமும் வாங்கியிருந்தார். கொடுத்தது யார் என்று கேட்கக் கூடாது, வாரியம்தான்.

அந்த வரலாற்றின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "இக்கோபுரக் கட்டுமானத்தில் ஓர் உயிரிழப்பும் நிகழவில்லை."

இந்த வரியை முதலில் படித்தவள் உண்ணாமலை. வாரியக் குடியிருப்பின் எதிரே புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள், வயது ஐம்பத்து நான்கு. அறிவுச்செல்வனின் சட்டைகள் அவளிடம்தான் வரும். மடித்த சட்டை கசங்காமல் இருக்க நடுநடுவே வைக்கச் சொல்லி, அடித்துத் திருத்திய வரலாற்றுத் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்திருந்தார். வாரியத்தின் தாள் உருப்படியாகப் பயன்பட்டது அங்கே மட்டும்தான்.

பதினோராம் பக்கத்தைப் படித்ததும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் புருஷன் ஆதிமூலம் பெயிண்டர். கோபுரம் திறப்பதற்குச் சில நாள் முன், உச்சி மேடையில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவன் கீழே விழுந்து செத்தான். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. முகத்தைக்கூடக் காட்டவில்லை. துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். "வேடிக்கை பாக்க ஏறுனவன், நம்ம ஆளே இல்ல" என்று காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்ததில் வழக்கு முடிந்தது.

முப்பது வருஷமாக அதைப் பொறுத்துக்கொண்டவள்தான். ஆனால் அச்சில் பார்த்ததும் பொறுக்கவில்லை. பணம் காசு எதுவும் அவள் கேட்கவில்லை. விழாவுக்கு ஒரு கல்வெட்டு வைக்கப்போகிறார்கள், அதில் புருஷன் பேர் ஒரு வரி வர வேண்டும். அவ்வளவுதான்.

"எழுதிக்கலாம்மா, அதுல என்னா இருக்குது?" என்றார் அறிவுச்செல்வன். நல்ல மனிதர், யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை. "ஆனா ஆதாரம் வேணும். உங்க வீட்டுக்காரு மேல ஏறுனாருங்கறதுக்கு என்னா சான்று?"

"ஏறாதவன் எப்பிடி சார் விழுவான்?"

"அது உங்க கருத்து. விழுந்ததுக்குச் சான்று?"

"செத்துட்டாரே சார்."

"செத்ததுக்குச் சான்று இருக்குது. அதுல தலையில அடின்னுதான் போட்டிருக்குது. தலையில அடி எங்கயும் படலாம். எனக்கே அலமாரி இடிச்சிருக்குது."

மனு வாங்கப்பட்டது. மனுவுக்கு எண் கொடுக்கப்பட்டது. எண்ணுக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு துணைக்குழு. அதற்கு வீழ்ச்சி ஆய்வுத் துணைக்குழு என்று பெயர். மூன்று கூட்டம் போட்டு அவர்கள் பிரச்சினையின் ஆணிவேரைப் பிடித்தார்கள். கோபுரம் வாரியத்துக்குச் சொந்தம். கோபுரத்தைச் சுற்றி எட்டடி தள்ளி வாரியத்தின் வேலி. வேலிக்கு வெளியே இருக்கும் தரை வேறொரு துறைக்குச் சொந்தம். ஆதிமூலம் வேலிக்கு உள்ளே விழுந்தாரா, வெளியே விழுந்தாரா? வெளியே என்றால் அந்தச் சாவு இந்த வாரியத்தின் சாவே இல்லை.

உண்மை அறிய ஏதாவது ஒன்றை மேலேயிருந்து போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மணல் மூட்டை என்றார் ஒரு உறுப்பினர். மணலுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் பூசணிக்காய் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஆதிமூலம் குண்டா, ஒல்லியா என்று உண்ணாமலைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். ஒல்லி என்று சொன்னாள். அதற்குத் தக்கபடி பத்துக் கிலோவில் ஒரு காய் வாங்கினார்கள்.

மேலே யார் ஏறுவது? வாரியத்தில் ஒருத்தரும் ஏறியதில்லை. டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பக்ருதீன் பாயைக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் கோபுரத்துக்கு இரும்பு அறுத்துத் துளை போட்டவர்களில் அவர் ஒருத்தர், ஆதிமூலத்தின் கூட்டாளி. அறுபது வயதுக்கு மேல் ஆகியும் ஏணியில் கால் நடுங்காமல் ஏறினார். மேலே போய் ரொம்ப நேரம் சும்மா நின்றார்.

"போடுங்க பாய்!" என்று அறிவுச்செல்வன் ஒலிபெருக்கியில் கத்தினார்.

பூசணிக்காய் வந்தது. வேலிக்கு இரண்டடி வெளியே, தார் ரோட்டில் விழுந்து சிதறியது. அந்த வழியாக வந்த டவுன் பஸ் நின்றது. யாருக்கோ திருஷ்டி கழிக்கிறார்கள் என்று நினைத்து டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பெண்கள் இறங்கி, காலில் படாமல் சேலையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்கள். உறுப்பினர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

உண்ணாமலை மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளை யாரும் பார்க்க விடவில்லை. முப்பது வருஷம் கழித்து, டேப் வைத்து அளந்து காட்டிவிட்டார்கள். அவள் அழவில்லை.  

துணைக்குழுவின் அறிக்கை மறுவாரம் வந்தது. "காய் வேலிக்கு வெளியே விழுந்துள்ளது. மேலும், மனுதாரரின் கணவர் கோபுரத்தில் இறக்கவில்லை. கோபுரத்தில் இருந்தவரை அவர் உயிரோடுதான் இருந்தார் என்பது மனுதாரரின் வாக்குமூலத்தாலேயே உறுதியாகிறது. இறப்பு தரையில் நிகழ்ந்தது. தரை வாரியத்தின் வரலாற்றில் வராது."

பக்ருதீன் இஸ்திரி வண்டிக்கு வந்தார். 

"தங்கச்சி, மேல கைப்பிடிக் கம்பியே இல்லம்மா. போல்ட்டு ஓட்டையெல்லாம் அப்பிடியே தொறந்து கெடக்குது. ஒரு தடவகூட போல்ட்டு ஏறுன தடம் இல்ல."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"இருவத்தி நாலு கம்பி. நான்தான் அறுத்தேன், நான்தான் ஒவ்வொன்னுலயும் உளி வெச்சு நம்பர் அடிச்சேன். எச் ஒன்னுலேருந்து எச் இருவத்தி நாலு வரிக்கும். லாரில ஏத்தி அனுப்புனதையும் பாத்தேன். ஆதிமூலம் விழுந்த அன்னிக்குக் காத்தால காண்ட்ராக்டர்கிட்ட கேட்டான், 'மேல புடிமானம் இல்லீங்களே, எப்பிடி நின்னு பெயிண்ட் அடிக்கறது?'ன்னு. 'கம்பி நாளைக்கு வந்துடும், நீ பாத்து நில்லு'ன்னாரு. அவன் போனதும் நான் அந்த வேலைய உட்டுட்டேன். அப்பறமா மாட்டியிருப்பாங்கன்னுதான் இத்தினி நாளும் நெனச்சிக்கினு இருந்தேன்."

ஊரே மலை பார்க்க ஏற முடியாமல் போன பாதுகாப்புக் காரணம் அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. பூசணிக்காய் போட்ட அன்றே பாய் இதை வாரியத்திடமும் சொல்லியிருந்தார். காய் மட்டுமே ஆய்வுப் பொருள், கம்பி ஆய்வுப் பொருள் அல்ல என்று குறிப்பு எழுதிவிட்டார்கள்.

அறிவுச்செல்வனோ இன்னும் முடியாது என்று சொல்லவில்லை. "மேல்முறையீடு செய்யலாம்மா. தலைவர் கையெழுத்துப் போட்டா மறு ஆய்வுக்கு எடுத்துக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றார்.

அருணகிரியின் வீடு வேங்கிக்காலின் புது மனைகளுக்கு நடுவே, ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பி, உள்ளே மாமரம் வளர்த்துக் கட்டியது. வெளியிலிருந்து ஓடுகூடத் தெரியாது. உண்ணாமலை முதல் தடவையாக உள்ளே போனாள். தலைவர் மாடிப் பால்கனியில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். வரச் சொல்லி மேலே கூப்பிட்டார். பெருந்தன்மையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"பாத்தியாம்மா மலைய? இந்த எடத்துலேருந்து பாக்கறாப்புல ஊர்ல எங்கயும் தெரியாது" என்று கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிச் சாய்ந்துகொண்டார். "நான் கொடுத்து வெச்சவன். ஆனா ஒன்னு, மத்தவங்க மாதிரி நான் வூட்டுக்குன்னு எதையும் செஞ்சிக்கல. எல்லாம் கோபுரத்துக்குத்தான். என் ரத்தமே அந்த இரும்புல ஓடுது."

"கையெழுத்துங்கய்யா…"

"கையெழுத்து கெடக்கட்டும்மா. உன் புருஷன நான் தப்பு சொல்லல. ஆனா ஜாக்கிரத இல்லாதவன் எத்தினி பேருக்கு நாம கல்லு நட முடியும்? இதப் பாரு, முப்பது வருஷமா இங்கயே நின்னு காபி குடிக்கறேன். விழுந்தேனா? சாயறதுக்கு முன்ன கம்பி கெட்டியா இருக்குதான்னு பாக்கணும். இது அந்தக் காலத்துக் கம்பி. ஒரு துரு இல்ல. இப்பல்லாம் இந்த மாதிரி செய்யறதே இல்ல."

அவர் கம்பியைச் செல்லமாகத் தட்டிக்காட்டினார். உண்ணாமலையின் கண் அவர் கை பட்ட இடத்துக்குப் போயிற்று. நாலு சுற்று வர்ணத்துக்கும் கீழே, இரும்பில் ஆழமாக ஒரு குழிவு தெரிந்தது. எச் 9. அதற்கு அடுத்தது எச் 10. அவள் தலையைத் திருப்பாமல் கண்ணாலேயே கடைசிவரை எண்ணினாள். எச் 24 மாமரத்தின் கிளை உரசும் மூலையில் இருந்தது. ஊருக்கெல்லாம் மலையைக் காட்டப் போட்ட கம்பியில் சாய்ந்து, இத்தனை வருஷமாக மலையைப் பார்த்தது இந்த ஒரே ஆள்தான். அந்த நிமிஷம் அவரை ஒரு தள்ளுத் தள்ளியிருக்கலாம். ஆனால் கம்பி கெட்டியானது, அவரைத் தாங்கியிருக்கும்.

கையெழுத்து வாங்காமலே கும்பிட்டுவிட்டு வந்தாள்.

"போலீஸ்ல சொல்லலாம்மா" என்றார் பக்ருதீன், விஷயம் கேட்டதும்.

"சொன்னா இன்னா ஆவும்? அங்கயும் இங்கயும் கேட்டு, கடைசில இந்த வாரியத்தையே விசாரிக்கச் சொல்வாங்க. இவுங்க கம்பிக்கு ஒரு குழு போடுவாங்க. அதுக்குள்ள வேற கம்பி மாறிடும். வேணாம் பாய். இவுங்க எதையும் படிக்கறதில்ல, முத்திரைதான் குத்தறாங்க. நான் அவுங்க பாஷையிலயே எழுதறேன்."

எட்டாவது வரை படித்தவள். ஆனால் சட்டைக்கு நடுவே வைத்து வைத்து வாரியத்தின் தாள்களை எழுத்து விடாமல் படித்திருந்தாள். வாரியத்தின் விதி பதினேழு அவளுக்கு மனப்பாடம். "தலைவரைப் பாராட்டும் தீர்மானங்கள் விவாதமின்றி நிறைவேற்றப்படும். மறுப்போர் பெயர் குறிப்பேட்டில் எழுதப்படும்."

புதிய மனு ஒன்று போட்டாள். புருஷனைப் பற்றிய பழைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக முதல் வரி. கோபுரத்தின் மூலப்பொருள்களைத் தம் சொந்த இல்லத்தில் வைத்துத் தன்னலம் கருதாமல் காத்துவரும் கோபுரத் தந்தை அருணகிரி அவர்களை முத்து விழாவில் பாராட்ட வேண்டும் என்று இரண்டாம் வரி. அவற்றை மேளதாளத்தோடு ஊர்வலமாக எடுத்துவந்து கோபுர உச்சியில் பொருத்த வேண்டும் என்று மூன்றாம் வரி. கல்வெட்டில் பொறிக்க வேண்டிய வாசகம் தனித் தாளில் இணைப்பு.

அறிவுச்செல்வன் முதல் வரியைப் படித்ததும் முகம் மலர்ந்தார். இரண்டாம் வரியில் கை தட்டினார். இணைப்பைத் தட்டச்சுச் செய்யும்போது மட்டும் அவர் விரல் கொஞ்சம் நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உண்ணாமலை அவருடைய விழாச் சட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பாராட்டை மறுத்தவர் என்று குறிப்பேட்டில் பெயர் ஏறுவதை அவர் யோசித்துப் பார்த்தார். தலைவருக்கு அடுத்த நாற்காலி யாருடையது என்பதையும் யோசித்துப் பார்த்தார். பிறகு மீதியையும் தட்டச்சுச் செய்து முடித்தார்.

ஒன்பது உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அருணகிரியும் போட்டார். "பாராட்டெல்லாம் எதுக்கு?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டே போட்டார். கல்வெட்டு வாசகத்தில் தன் பெயர் வரும் வரியை மட்டும் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார், பெயர் எழுத்து மற்றதைவிடப் பெரிசாக இருக்கட்டும் என்று.

முத்து விழாவைப் பௌர்ணமி அன்று காலையில் வைத்தார்கள். கிரிவலம் வந்த கூட்டம் பஸ் ஏறும் வழியில் நாயனச் சத்தம் கேட்டு அப்படியே கோபுரத்தடிக்கு வந்துவிட்டது. தலைவர் திரையை விலக்கினார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, கல்வெட்டைத் தாமே வாசிக்கப்போவதாக அறிவித்தார். தம் பெயர் வரும் எதையும் இன்னொருவர் வாசிக்க அவர் விட்டதே இல்லை.

"இக்கோபுரத்தின் மூலக் கைப்பிடிக் கம்பிகள் இருபத்து நான்கையும், 1996 ஐப்பசி முதல் இன்றுவரை, மழை, வெயில், பொதுமக்கள் ஆகியவற்றிலிருந்து தம் இல்லத்துப் பால்கனியில் வைத்துக் காத்தருளியவர், கோபுரத் தந்தை அருணகிரி!"

கைதட்டல் எழுந்தது. அந்த வேகத்திலேயே அடுத்த வரிக்குப் போனார். நடுவில் நிறுத்தினால் கைதட்டல் போய்விடும் என்பது அவர் அனுபவம்.

"அக்கம்பிகள் கோபுரத்தில் இல்லாத காரணத்தால், 1996 ஐப்பசி இருபத்தொன்றாம் நாள், உச்சியிலிருந்து விழுந்து இறந்தவர்… பெயிண்டர்… ஆதிமூலம்."

கடைசிப் பெயர் ஒலிபெருக்கியில் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அதைச் சொன்னது அவர் வாய்தான். வேங்கிக்கால் முழுக்கக் கேட்டது. உண்ணாமலை கண்ணை மூடிக்கொண்டாள்.

அருணகிரி அறிவுச்செல்வனைப் பார்த்தார். அறிவுச்செல்வன் தீர்மானத்தைப் பார்த்தார். "அடுத்த நிகழ்ச்சி, மூலக் கம்பிகளை எடுத்துவருதல்" என்று அவர் அறிவித்ததும் நாயனம் கிளம்பியது. பக்ருதீன் ஸ்பேனர்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கூட்டம் பின்னால் நடந்தது. என்ன, ஏது என்று முழுசாகத் தெரியாதவர்களும் நாயனத்துக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். தலைவர் ஜீப்பில் குறுக்கு வழியாகப் பறந்து வீட்டுக்குப் போய்ப் பால்கனியில் ஏறி நின்றுகொண்டார். பாராட்டுக்கென்று காலையிலேயே தோரணம் கட்டி விரியத் திறந்துவைத்த கேட்டை மூட அவருக்குத் தோன்றவில்லை.

"இது என் வூட்டுக் கம்பி! எவன்டா கை வெக்கறது?"

"ஐயா, தீர்மானம் எண் நானூற்றுப் பதினாறு, தங்கள் கையெழுத்து" என்று அறிவுச்செல்வன் கீழேயிருந்து ஒலிபெருக்கியில் பணிவாக வாசித்தார். "'மூலக் கம்பிகள் தம் இல்லத்தில் உள்ளதைத் தலைவர் பெருமையுடன் உறுதி செய்கிறார்.' தங்கள் பேனாவாலேயே அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்."

மறுத்தால் தீர்மானம் பொய். ஒப்புக்கொண்டால் கல்வெட்டு மெய்.  பக்ருதீன் மேலே போய் எச் 1-இல் ஸ்பேனரை வைத்தார். உடனே கழன்றது. ஒவ்வொரு கம்பியும் கீழே இறங்க இறங்க, அதன் எண்ணை அவர் சத்தமாகச் சொன்னார். கூட்டம் அதற்கு "அரோகரா" போட்டது. எச் 24 இறங்கியதும் பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்தார்கள்.

எல்லாம் போன பிறகு பால்கனியில் அருணகிரி மட்டும் நின்றார். முன்னால் ஒன்றும் இல்லை, நேரே மலை தெரிந்தது. தினமும் சாயும் பழக்கத்தில் ஓரத்துக்கு ஒரு அடி வைத்துவிட்டார். கை சாய்வதற்கு இடம் தேடி வெறும் காற்றில் துழாவியது. சட்டென்று பின்னால் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார்.  உண்ணாமலை அவர் இஸ்திரிக்குக் கொடுத்தனுப்பியிருந்த வேட்டியை மடிப்புக் கலையாமல் கையில் ஏந்தி, மாமரத்தடியில் நின்றாள். அண்ணாந்து பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"பாத்து நில்லுங்கய்யா. கம்பி நாளைக்கு வந்துடும்."